புத்தளம் நீங்கலாக

கலியாணப் படம் எடுக்கிறவர்களுக்கு விளம்பரப் படத்துக்கு விலை சொல்லத் தெரியாது. எனக்கும் தொடக்கத்தில் தெரியாது. கல்முனையில் ஸ்டூடியோ போட்ட நாளிலிருந்து ஒரு நாள் வேலைக்கு இவ்வளவு, ஆல்பத்துக்கு இவ்வளவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொழும்புச் சாரிக் கம்பனி மனேஜர் புண்ணியமூர்த்திதான் என் கண்ணைத் திறந்துவிட்டார். விளம்பரத்தில் நாம் படத்தை விற்பதில்லை, அதைப் பாவிக்கும் உரிமையை வாடகைக்கு விடுகிறோம். எத்தனை மாதம், எந்தெந்த மாவட்டம், பதாகையா கலண்டரா என்று ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. தவணை முடிந்தும் பாவித்தால் மறுபடி காசு தர வேண்டும். நீங்கள் படத்தைப் பற்றிக் கேட்டதால் இதிலிருந்து தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

கம்பனிக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரி கட்டிய ஒரு முகம் தேவைப்பட்டது. எங்கள் ஊர்ப் பெண்ணை அப்படிப் பதாகையில் போட்டால் என் ஸ்டூடியோவுக்குக் கண்ணாடி மிஞ்சாது. அப்போதுதான் மருதமுனை அஸ்பியா முஸ்பிறாவைக் கூட்டிவந்தாள். இரண்டு பேரும் குவைத்தில் ஒரே வீட்டில் வேலை செய்தவர்கள். முஸ்பிறா புத்தளத்துக்காரி. புருசன் அவள் கையை அடித்து முறித்த பிறகு, மகளை உம்மாவிடம் ஒளித்து விட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் இங்கே வந்து அஸ்பியா வீட்டில் தைத்துப் பிழைத்தாள். ஒரு வீடு வாடகைக்கு எடுத்து மகளைக் கூப்பிட்டுக்கொள்ள அவளுக்குக் காசு தேவையாக இருந்தது. அண்ணனை நாங்கள் காக்கா என்போம், அவள் நானா என்பாள். அந்தக் குரலில் கொஞ்சமும் குழைவு இருக்காது.

“எங்க வேணும்னாலும் போடுங்க நானா. புத்தளத்துல மட்டும் வேணாம். அவரு கண்டா தேடி வந்துருவாரு,” என்றாள்.

“ஓம், அதுக்கு நான் பொறுப்பு,” என்றேன்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. படத்தின் கீழே மருதமுனை என்று பெரிதாக எழுதியிருந்தது. பேஸ்புக்கில் போட நான் உரிமை கொடுக்கவில்லை. ஒப்பந்தத்திலும் புத்தளம் நீங்கலாக என்று போடச் சொன்னேன், போட்டார்கள். முதல் தவணை ஒழுங்காக முடிந்தது.

இரண்டாம் தவணைக்குக் கம்பனி தந்த காசை நான் அவளுக்குச் சொல்லவில்லை. முகம் அவளுடையது என்றாலும் வெளிச்சம் என்னுடையது, கெமரா என்னுடையது. கண்டியில் பதாகை இன்னும் நிற்பதாக யாரோ சொல்லி, அவள் வந்து கேட்டாள். கம்பனி சும்மா விட்டு வைத்திருக்கிறது என்றேன். அவள் நேரே புண்ணியமூர்த்திக்கே போன் எடுத்துவிட்டாள்.

மறுபடி அவள் வந்தபோது சீனிமுகம்மது ஹாஜியார் மகளின் கலியாணத்துக்கு முற்பணம் தந்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தார். அவள் சத்தம் போடவில்லை.

“காசு போகட்டும் நானா. கேட்டப்ப உண்மையச் சொல்லியிருக்கலாம்,” என்றாள்.

அவ்வளவுதான். நான் அங்கேயே அவளுடைய பங்கைக் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனாள். ஹாஜியார் கொஞ்ச நேரம் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

“தம்பி, புள்ளட படம் எடுக்கிறதுக்கு நம்பிக்கையான ஆள் வேணும். கோவிக்காதீங்க,” என்று முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

எங்கள் ஊரில் மணப்பெண்ணைப் படம் எடுத்தால் வேலை முடிந்ததும் மெமரி கார்டைப் பெண்ணின் வாப்பா கையில் கொடுத்துவிட வேண்டும். ஒரு பிரதியும் நம்மிடம் இருக்கக் கூடாது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதன் பிறகு நிந்தவூரிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் ஒரு கலியாணம்கூட வரவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அவள் மேல் ஆத்திரம் வந்தது. வந்து ஒண்டியவள், என் ஊரில் என்னை ஒரு ஆளாகவே இல்லாமல் ஆக்கிவிட்டாள். அவளைத் திட்டவோ கை நீட்டவோ எனக்குத் தோன்றவில்லை, நான் அப்படிப்பட்ட மனிதன் இல்லை.

வருடக் கடைசியில் கம்பனி அதே படத்தைக் கலண்டருக்குக் கேட்டது. நான் போன் எடுத்தேன்.

“புத்தளத்தையும் சேத்துக்கோங்க. அதுக்குக் காசு வேணாம்.”

“அந்தப் பிள்ளை வேண்டாமெண்டு சொன்னதெல்லோ?” என்றார் புண்ணியமூர்த்தி.

“ஓம். இப்ப சம்மதிச்சிட்டா.”

பதிலுக்கு ஒன்று மட்டும் கேட்டேன். கலண்டரின் கீழ் ஓரத்தில் என் ஸ்டூடியோவின் பெயரும் போன் நம்பரும் வர வேண்டும். படம் எடுத்தவர் பெயர் போடுவது இந்தத் தொழிலில் வழக்கம்தான்.

ஜனவரியில் புத்தளத்திலிருந்து ஒரு ஆள் போனில் சலாம் சொன்னார். மரியாதையான குரல். முஸ்பிறாவின் உம்மாவுக்கு நோய் கடுமை, அவளுக்கு நேரில் சொல்ல வேண்டும் என்றார். நான் அதை நம்பினேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். நம்பவில்லை. எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, எந்த நிறக் கேட் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் அஸ்பியா நிந்தவூருக்குப் போய்விடுவாள், ஜும்ஆத் தொழுகை நேரம் அந்த ஒழுங்கையில் ஆண்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசலில் முன் வரிசையில் இருந்தேன். குத்பாப் பிரசங்கம் முடிவதற்குள் அவள் முடிந்துவிட்டாள். கத்தி அவள் புருசனுடையது, கையும் அவனுடையது. அதற்காக அவனைப் பிடித்திருக்கிறீர்கள், சரிதான். ஆனால் அவன் இரண்டு வருடம் தேடியும் கிடைக்காதவளை அவன் கையில் கொண்டுபோய் வைத்தது நான். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் வைத்தேன்.

கம்பனி கலண்டர்களைத் திருப்பி எடுத்துவிட்டது. அந்தப் படம் இனி வேண்டாம் என்று புண்ணியமூர்த்தி எழுத்தில் தந்துவிட்டார். ஆகவே முழு உரிமையும் என்னிடம் திரும்பி வந்துவிட்டது. இப்போது பத்திரிகைகள் கேட்கின்றன. முகத்தை மறைத்துப் போட ஒரு விலை, மறைக்காமல் போட வேறு விலை என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் காசும் அனுப்பிவிட்டார்கள். இந்த முறை யாரும் கேட்காமலே முஸ்பிறாவின் பங்கைப் பிரித்து வைத்துவிட்டேன், ஐயா. அதை அவளுடைய மகளிடம் நீங்களே சேர்த்துவிடுங்கள். நான் கொடுத்தால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பார்கள்.