நாலு பேர் ஊரில் ஐந்தாவது ஆள்

ராத்திரி ஒன்பதே முக்கால். போத்தனூர் ரயில்வே காலனியைத் தாண்டினால், இரண்டு பக்கமும் மரம் கவிந்த ஒரு ரோடு. விளக்குக் கம்பம் இருக்கிறது... விளக்கு இல்லை. தூரத்தில் யார்டில் பெட்டியோடு பெட்டி மோதுகிற சத்தம். டணார்... அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப். அதில் இரண்டு பேர்.

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் வருவதற்குள் சொல்லி முடிக்கிறேன். பயப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுக்கலாம், தடுக்கவில்லை. ஆனால் படுக்கிற அறைக்குப் போகிற அந்த இருட்டு நடையைத் தனியாகத்தான் கடக்க வேண்டும்.

நம் அனீஸ் இருக்கிறான் அல்லவா, அவனுடைய தாய்மாமனுக்கு ஒரு சிநேகிதர், நஞ்சுண்டன் என்று. துடியலூர்க்காரர். இது அவருக்கு நடந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம். அப்போது இளவட்டம், அதனால் அவன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிற நல்ல பழக்கம் அவனுக்குக் கிடையாது. நேரே போத்தனூருக்கு பஸ் ஏறிவிடுவான். அங்கே அவனுடைய உயிர்ச் சிநேகிதன் சிக்கந்தர், ஒரு பேக்கரிக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கேம் சென்டர் நடத்தினான். ஜன்னல் இல்லாத ஓர் அறை, நாலு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். பேக்கரியில் பன் வேகும் வாசம் சுவர் வழியாகவே வரும்.

கடை சாத்தியதும் சிக்கந்தர் நஞ்சுண்டனோடு பஸ் ஸ்டாப் வரை நடப்பான். நம் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியாததா? வந்தவனை வாசலோடு அனுப்ப மனசு வராது. பஸ் வரும்வரை கூட நிற்க வேண்டும். ஏற்றிவிட வேண்டும். அதோடு விட்டதா? பஸ் முக்குத் திரும்பும்போது உள்ளே இருப்பவன் ஜன்னல் வழியாகக் கை காட்டுவான். அதைப் பார்த்த பிறகுதான் ஏற்றிவிட்டவன் வீட்டுப் பக்கம் திரும்புவான். மழையோ காய்ச்சலோ, சிக்கந்தர் இதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

அந்த வருஷம் கடைக்குப் புதிதாக ஒரு விளையாட்டு வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒரே வழியில் ஓடி, சுட்டு, செத்துப்போகிற விளையாட்டு. இதில் ஒரு முழு ஊரே இருந்தது. கார் ஒன்று கொடுத்துவிடுவார்கள். எந்தத் தெருவிலும் திரும்பலாம், எங்கேயும் நிற்கலாம், ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். முதல் வாரம் நஞ்சுண்டனுக்கும் ராத்திரி தூக்கம் போயிற்று. மூன்றாவது வாரம் கொட்டாவி வந்தது.

அந்த ஊரில் மொத்தம் நாலே பேர்தான். சிவப்புக் கோட்டுக்காரி, பை தூக்கிய வழுக்கைத் தலை, தொப்பிக் கிழவர், காக்கி உடுப்புக்காரன். அந்த நாலு பேரையே தெருத்தெருவாகத் திருப்பித் திருப்பி நடக்கவிட்டிருந்தார்கள். சிவப்புக் கோட்டுக்காரியை ஒரு முக்கில் தாண்டினால், அடுத்த முக்கில் அவளே வருவாள்.

"ஊரு பெருசுன்னு சொல்லிப்போட்டு நம்மள ஏமாத்தறாண்டா. எங்க போனாலும் அதே கடை, அதே ஆளு. நெம்பச் சலிப்பா இருக்குது" என்றான் நஞ்சுண்டன்.

"சுத்தறவனுக்கு ஊரு எப்படிறா சலிக்கும்?" என்பான் சிக்கந்தர். அவன் அந்த விளையாட்டில் பந்தயம் எதுவும் ஓட்டுவதில்லை. மெதுவாகப் போவான். அந்த ஊரிலும் பஸ் ஸ்டாப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நிறுத்தி, அங்கே நிற்கிற வழுக்கைத் தலையிடம், "ஏனுங்க, சவுக்கியமுங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போவான். கடையில் எல்லாரும் சிரிப்பார்கள்.

கடைசி நாளும் இதே பேச்சுதான். பட்டறையில் முதலாளி ஏதோ திட்டியிருந்தார், நஞ்சுண்டனுக்கு மனசு சரியில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பேச்சு தடித்துவிட்டது.

"தெனமும் ஒரே எடத்தச் சுத்தறதுக்கு ஒரு கம்ப்யூட்டரு, அதுக்கு ஒரு கடை. உருப்படற வேலையா இது?"

"நீ தெனமும்தான் இங்க வர்ற, நானும் தெனமும்தான் ஏத்தி உடறேன். சலிச்சா போச்சு?"

"சலிச்சுத்தான் போச்சு, போ."

பஸ் வந்தது. நஞ்சுண்டன் ஏறினான். முக்குத் திரும்பும்போது கையைக் காட்டவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. எப்படியும் நாளைக்குப் பார்க்கத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டான். நாமெல்லாம் அப்படித்தானே இருக்கிறோம்.

பஸ் போன பிறகும் சிக்கந்தர் அங்கேயே நின்றிருக்கிறான். வெகுநேரம் நின்றான் என்று பேக்கரிக்காரர் சொன்னார். எதிரில் ஒரு லாரி கட்டுமீறி வந்தது...

அந்த உடம்பை வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. பெற்றவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் பேசி, பள்ளிவாசலிலேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே அடக்கத்துக்கு எடுத்துப் போனார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அவனுடைய அம்மா மெஹராஜ் அதற்கப்புறம் யாரைப் பார்த்தாலும் ஒன்றையே சொன்னாள்.

"ஏத்தி உட்டுப்போட்டு வாரேன்னு போனவன். ஊட்டுக்கு வரவே இல்லீங்களே..."

சோறு போட்டு மூடி வைத்துவிட்டுக் காத்திருந்த ராத்திரி அது. அவளைப் பொறுத்தவரை அந்த ராத்திரி இன்னும் விடியவில்லை.

கடையை விற்றுவிடச் சொல்லி அவள் சாவியை நஞ்சுண்டனிடம் கொடுத்தாள். மூன்று கம்ப்யூட்டர் போய்விட்டது. சிக்கந்தர் உட்காருகிற நாலாவதை மட்டும் யாரும் வாங்கவில்லை. அதன் ஹார்ட் டிஸ்க் போகிற நிலையில் இருந்தது. போட்டால் உள்ளே நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். டக்... டக்... கிர்ர்... அப்புறம்தான் உயிர் வரும். ஒரு சாயங்காலம், கடையைக் கூட்டிவிட்டு, மனசு கேட்காமல் நஞ்சுண்டன் அதைப் போட்டான். சிக்கந்தர் விட்ட இடத்திலிருந்து அந்த ஊரைத் திறந்தான்.

அதே தெரு. அதே கடை. சிவப்புக் கோட்டுக்காரி போனாள். வழுக்கைத் தலை போனார். இதைப் பார்த்தா சலிப்பு என்று சொன்னோம் என்று நஞ்சுண்டன் தன்னையே நொந்துகொண்டான். சிநேகிதன் போகிற மாதிரியே மெதுவாகப் போனான். ஊரின் எல்லையில், பாலம் தாண்டி, கடைசியாக ஒரு பஸ் ஸ்டாப்.

அங்கே ஓர் ஆள் நின்றான்.

அந்த நாலு பேரில் ஒருவனில்லை. வெள்ளைச் சட்டை... மடித்துக் கட்டின லுங்கி. வெளிநாட்டுக்காரன் செய்த விளையாட்டில் லுங்கி எங்கிருந்து வரும்? முகம் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு மங்கலான கட்டம்தான். ஆனால் வலது கையைப் பிடரியில் வைத்து, இடது காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற நிற்பு... அதைப் பத்து வருஷமாகத் தினமும் பார்த்தவன் நஞ்சுண்டன்.

அப்போதுதான் வாசம் வந்தது. பன் வாசமில்லை. பஸ் கிளம்பும்போது வருமே, டீசல் புகை, அது. ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள்.

நஞ்சுண்டன் பயந்தானா என்று கேட்கிறீர்கள். பயந்தான். ஆனால் எழுந்து ஓடவில்லை. அழுதுகொண்டே காரை அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

அவன் ஏறவில்லை. கார் பக்கமாக ஓர் அடி வந்தான், அவ்வளவுதான். அந்த விளையாட்டில் யாரையும் ஏற்றிக்கொள்ள வழி கிடையாது. நஞ்சுண்டனுக்கா தெரியாது? தெரிந்தும் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தான். காரைத் திருப்பி நிறுத்தினான். ஒட்டி நிறுத்தினான். "ஏறுடா... அம்மா காத்துட்டிருக்காங்கடா, ஊட்டுல கொண்டுபோய் உடறேன், ஏறு" என்று திரையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் அதே பாலம், அதே ஸ்டாப், அதே நிற்பு. மெஷினை அணைக்கிற நேரம் வரைக்கும் காரை அங்கேயே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு மயிரிழை மாறவில்லை. மாறவில்லையே என்று அவனும் சலித்துக்கொள்ளவில்லை. மாறிவிடக் கூடாதே என்றுதான் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் டிஸ்க்கின் சத்தம் நாளுக்கு நாள் பெரிதாயிற்று. ஒவ்வொரு தடவை பார்ப்பதும் அதன் ஆயுசில் ஒரு துண்டு என்று அவனுக்குத் தெரியும். இன்னும் இரண்டு தடவை எழுந்தால் அதிகம். தெரிந்த பிறகு அதைத் தான் மட்டும் பார்த்துத் தீர்ப்பது பாவமாகப் பட்டது.

மெஹராஜைக் கூட்டி வந்தான்.

அவள் அந்தக் கடைக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, மகன் உட்காருகிற நாற்காலியை ஒரு தரம் தடவிவிட்டு, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். டக்... டக்... டக்... கிர்ர்ர். இந்தத் தடவை வெகுநேரம் எழவே இல்லை. நஞ்சுண்டன் எல்லாச் சாமியையும் கூப்பிட்டான். எழுந்தது.

பாலம் தாண்டியதும் அவள் நஞ்சுண்டனின் தோளைப் பிடித்தாள். அவன் சொல்வதற்கு முன்பே.

"என்ற மகன்" என்றாள்.

அவள் அலறுவாள், மயங்கி விழுவாள் என்று நஞ்சுண்டன் நினைத்திருந்தான். ஒன்றுமில்லை. தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தாள். டீசல் வாசம் அறை முழுக்க நிரம்பியிருந்தது.

"ஏற மாட்டேங்கறானுங்க அம்மா. நானும் தெனமும் கூப்புட்டுப் பாத்துட்டேன்" என்றான் நஞ்சுண்டன்.

"அவன் எதுக்குக் கண்ணு ஏறோணும்?" என்றாள் அவள். குரல் தெளிவாக இருந்தது. "அவன் ஏற வந்து நிக்கல. உன்னைய ஏத்தி உட நிக்கறான். நீ பாட்டுக்கு வண்டிய நிறுத்திப்போட்டு அங்கயே உக்காந்திருந்தா, அவன் எப்படி ஊட்டுக்கு வருவான்?"

போனால் மறுபடி பார்க்க முடியாது. இந்த டிஸ்க் இனி எழாது. அது அவளுக்கும் புரிந்துதான் இருந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிய, "கெளம்பு சாமி" என்றாள். "முக்குத் திரும்பறப்ப மறக்காம கைய காட்டு."

விளையாட்டுக் காரில் கை ஏது? ஆரன் இருந்தது. நஞ்சுண்டன் காரைக் கிளப்பினான். அந்த ரோட்டின் முக்கில் மெதுவாக்கி, ஆரனை நீளமாக அடித்தான். அன்றைக்குக் காட்டாத கைக்கும் சேர்த்து அடித்தான். அடித்துவிட்டு, பின்பக்கம் பார்க்கிற பொத்தானை அழுத்தினான்.

ஸ்டாப்பில் நின்றவன் பிடரியிலிருந்து கையை எடுத்தான்... உயர்த்தினான். பிறகு, அத்தனை நாளில் முதல் தடவையாக, திரும்பி நடந்தான். பாலத்துப் பக்கம், சின்னதாகி, புள்ளியாகி, போய்விட்டான்.

மெஹராஜ் எழுந்துவிட்டாள். "நான் முன்னால போறேன் கண்ணு. சோறு சூடு பண்ணோணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, இருட்டில் வேகுவேகென்று நடந்தாள்.

அவன் தனியாக அந்த ஊரைச் சுற்றினான். சிவப்புக் கோட்டுக்காரி இல்லை. வழுக்கைத் தலை இல்லை. கிழவர் இல்லை, காக்கிக்காரனும் இல்லை. தெருத்தெருவாகப் போனான்... ஒரு ஜீவன் இல்லை. அந்த விளையாட்டு ஒரு வழியாகப் புதிதாக ஒன்றைக் காட்டியது, அதைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை. டக் என்று ஒரே ஒரு சத்தம். திரை கறுத்தது. டீசல் வாசமும் இல்லை.

ராத்திரி முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் சிக்கந்தர் வீட்டுக்குப் போனான். மனசுக்குள் ஒரே பயம். அந்தம்மாவை இப்படி ஆசை காட்டி அனுப்பிவிட்டோமே, வராத மகனுக்குச் சோறு போட்டுவைத்து என்ன ஆனாளோ என்று.

கதவைத் தட்டினான். மெஹராஜ் ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தாள். தலை வாரி, முகம் கழுவி, பளிச்சென்று இருந்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா, கண்ணு. ராத்திரி நெம்ப நேரங்கழிச்சு வந்தான். இப்பத்தான் கண்ணசந்தான்."

நஞ்சுண்டனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. எல்லாம் போயிற்று, இவளுக்கும் புத்தி போயிற்று என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா... அம்மா..." என்று தேம்பினான்.

உள்ளே, இருட்டான அந்த அறையில், கயிற்றுக் கட்டில் நெரிபட்டது. யாரோ புரண்டு படுக்கிற சத்தம்.

மெஹராஜ் தலையைத் திருப்பி, உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"ஒண்ணுமில்லடா, நஞ்சுண்டன்தான். நீ தூங்கு."