மனை எண் 42-இல் கரி அடுப்பு உள்ளே போன விதம்

பெயர் நெவில் ஆர்தர் ஹார்க்னெஸ். வயது ஐம்பத்தேழு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், சக்கர வீடுகள் நிற்கும் பெலிக்கன் முனை கேரவன் பார்க்கில் மனை எண் 41-இல் பதினோரு வருடமாக நிரந்தரமாகக் குடியிருக்கிறேன். கூரியர் வேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். பார்க்கின் மாதச் செய்திமடலில் வேடிக்கைப் பத்தி எழுதுகிறேன். இருபத்தாறு பேர் படிக்கிறார்கள், அதில் பாதிப் பேர் கழிப்பறையில்.

முதலில் வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பார்க் சமையல் கொட்டகையில் ஒட்டியிருக்கும் "கரி, விறகு அடுப்பு விதிகள்" என்ற நோட்டீஸை எழுதியவன் நான்தான். கரியின் விஷவாயு மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும், ஆகவே கேரவனை ஒட்டிய கேன்வாஸ் அறைக்குள் எக்காரணம் கொண்டும் கரி அடுப்பைக் கொண்டுபோகக் கூடாது என்ற நான்காம் விதியைச் சிவப்பில் எழுதி, பக்கத்தில் அழுகிற சாஸேஜ் ஒன்றின் படமும் போட்டேன். அந்த விதியை மீறிச் சுட்ட கறியை வாரம் தவறாமல் தின்று வந்தவனும் நானே.

சுட்டுத் தந்தவர் மனை எண் 42-இல் இருந்த தனாஸிஸ் கூரிஸ், வயது அறுபத்து மூன்று. அவரும் மனைவி வூலாவும் பத்தொன்பது வருடமாக அந்த மனையில் இருந்தார்கள். கேஸ் அடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "கேஸ்ல வெந்தது கறியாடா? அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்பார். கரி விஷயமாக மேலாளர் கிளெனிஸ் விட்லாக் அவருக்கு இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருந்தாள். மூன்றாவது கொடுத்தால் மனையைக் காலி செய்ய வேண்டும். இது எனக்குத் தெரியும்.

மேலாளர் தன் சின்ன பேட்டரி வண்டியில் சுற்றி வரும்போது, முதலில் பார்ப்பவர் தண்ணீர்க் குழாயைக் கரண்டியால் மூன்று தட்டு தட்ட வேண்டும் என்பது எங்கள் வரிசையில் உள்ள வழக்கம். இரும்புக் குழாய் ஆகையால் சத்தம் எல்லா மனைக்கும் போகும். உடனே கரி வைத்திருப்பவர்கள் மூடி போட்டுக் கேன்வாஸ் அறைக்குள் தள்ளி, வாசல் ஜிப்பை இழுத்துவிடுவார்கள். இரண்டு நிமிடத்தில் வண்டி போய்விடும். இந்த ஏற்பாட்டையும் நான்தான் கண்டுபிடித்தேன்.

ஜனவரி 18 சனிக்கிழமை தனாஸிஸின் பெயர் நாள், அதாவது அவர் பெயருள்ள புனிதரின் திருநாள். கிரேக்கர்கள் பிறந்த நாளைக்கூட மறப்பார்கள், பெயர் நாளை மறக்க மாட்டார்கள். அழைக்காமலே ஆட்கள் வருவார்கள், வந்தவர்களுக்குச் சோறு போட்டே ஆக வேண்டும். அன்று காட்டுத்தீ பயத்தால் வெளியில் யாரும் நெருப்பு மூட்டக் கூடாதென்று முழுத் தீத்தடை அறிவித்திருந்தார்கள். அப்படியிருந்தும் அவர் பகல் ஒரு மணிக்குக் கேரவன் பின்புறம் கரி மூட்டி, நீளக் கம்பியில் ஆட்டுக்கறி கோத்துச் சுற்ற ஆரம்பித்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"யோவ், ஊரே எரிஞ்சா உன் பேர்தான் பேப்பர்ல வரும்" என்றேன்.

"வரட்டும்டா. நீ எழுதினா எழுத்துப் பிழையோடதான் வரும்" என்றார்.

அதன் பிறகு வூலா ரொட்டி வாங்க டவுனுக்குக் காரில் போனாள். அதன் பிறகு, சுமார் இரண்டே காலுக்கு, நான் என் மனைக் குழாயருகே போய்க் கரண்டியால் மூன்று முறை தட்டினேன். தனாஸிஸ் கெட்ட வார்த்தை சொன்னார், கிரேக்க மொழியில். சக்கரம் வைத்த கரித் தட்டை மூடியோடு கேன்வாஸ் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். ஜிப் கீழே வரை இறங்கும் சத்தம் கேட்டது. புகை வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் மடிப்புகளையும் இறக்கினார்.

சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து, "போய்ட்டாளா?" என்று கேட்டார்.

"இல்ல, கொட்டகைப் பக்கம் நிக்கிறா. வாயை மூடிட்டு உள்ளயே கிட" என்றேன்.

"தலை வலிக்குதுடா."

"மூணாவது எச்சரிக்கைச் சீட்டு வந்தா இன்னும் வலிக்கும்."

அவர் சிரித்தார். அதன் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

அதன் பிறகு கடல் பக்கமிருந்து குளிர்காற்று திடீரென்று திரும்பி அடித்தது. என் பந்தலின் இரண்டு கம்பங்கள் பிடுங்கிக்கொண்டன. அதைப் பிடித்துக் கட்டுவதில் முக்கால் மணி நேரம் போயிற்று. ஒரு முளையை நான் மூன்று தடவை அடித்தேன், அது மூன்று தடவையும் வளைந்தது. இதைப் பத்தியில் எழுதலாம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மூன்று பத்துக்கு வூலா திரும்பி வந்து ஜிப்பைத் திறந்தாள். அவள் கூப்பிட்ட பிறகு நான் போனேன். தனாஸிஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் இடுக்கி இருந்தது. முகம் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமாக இருந்தது. நான், "நடிச்சது போதும், எழுந்திருய்யா" என்று சொல்லித் தோளைத் தட்டினேன். இடுக்கி விழுந்தது. அவரை வெளியே இழுத்துப் போட்டு, அவசர உதவித் தொலைபேசியில் ஒரு பெண் சொன்னபடி எண்ணி மார்பை அமுக்கினேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு நிறுத்தச் சொன்னார்கள்.

வூலா ரொட்டிப் பையை இறக்கி வைக்கவே இல்லை. "யாருக்குப் பயந்து இவர் உள்ள போனாரு, நெவில்?" என்று கேட்டாள். "கிளெனிஸுக்கு" என்றேன். அதன் பிறகு பெயர் நாளுக்கு வாழ்த்துச் சொல்ல இரண்டு குடும்பங்கள் கேக்கோடு வந்தன. கேக்கை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டார்கள். கறி பதமாக வெந்திருந்தது. யாரும் அதைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அன்று மாலை கொட்டகைக்குப் போய் நோட்டீஸைப் படித்தேன். பிழை எதுவும் இல்லை.

மேலே இருப்பதைக் கான்ஸ்டபிள் மொய்ரா டெய்ட் எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. இதில் பொய் இருந்தால் தண்டனைக்கு உள்ளாவேன் என்று அறிந்தே ஒப்புக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன் என் வேண்டுகோளின்படி சேர்க்கப்பட்டது: அன்று கிளெனிஸ் பார்க்கிலேயே இல்லை. காலை எட்டு மணி பஸ்ஸில் ஜீலாங் நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது தன் பூனைக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லி, அலுவலகச் சாவியையும் பேட்டரி வண்டியின் சாவியையும் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள்.

(ஒப்பம்) நெ. ஆ. ஹார்க்னெஸ்