எருமை படம் போட்ட பொடி

தார்மின் சொல்ற அந்தக் கதைய எட்டு வருஷமா நான் முழுசா நம்பினதே இல்லண்ணே. நம்பாம இருந்ததும் இல்ல, அதுதான் கஷ்டம்... தலைய நிமிர்த்துங்க. கத்தி தாடைகிட்ட வருது, நீங்க பேசாதீங்க, நானே பேசிக்கிறேன்.

தார்மின்னா, அதோ எதிர்ல பொரிச்ச தோஃபு விக்கிறானே, அவன்தான். முதுகுவலிக்கு டாக்டர் குடுத்த மாத்திரையத் தின்னு, வயித்துல புண்ணாகி, ரத்தமா வாந்தி எடுத்து, செமராங் டவுன் பெரிய ஆஸ்பத்திரியில கிடந்தானாம். கிடந்தது நெசம். நானே ஆரஞ்சு வாங்கிட்டுப் போய்ப் பார்த்தேன். ஆனா மாத்திரையே விஷம்னு அன்னிக்கு ஆரம்பிச்சவன் இன்னும் நிறுத்தல. ரெண்டு தோஃபு வாங்கினா ஒரு கதை இனாம். பச்சமிளகாயக் கடிச்சுக்கிட்டே தெருவே கேட்டிருக்கு.

அதக் கேட்டுட்டுத்தான் நானும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாம, இந்த மரத்தடியில நாள் முழுக்க நின்னு முடிவெட்டிட்டு, முதுகு வலிச்சா இஞ்சி, மஞ்சள், வேரெல்லாம் இடிச்ச ஜாமுப் பொடி. கடையிலயே வெந்நீர்ல கலக்கி, முட்டை மஞ்சக்கரு ஒண்ண உடைச்சு விட்டுத் தருவாங்க. ஒருத்தன் எருமையத் தோள்ல தூக்கிட்டுச் சிரிக்கிற மாதிரி படம் போட்ட பொட்டலம். அவனுக்கு முதுகே கிடையாதுபோல. குடிச்சா அரை மணிக்குள்ள வலி போன இடம் தெரியாது. இஞ்சியும் மஞ்சளும் எங்க வீட்டுலயும்தான் இருக்கு, அது மட்டும் ஏன் ஒண்ணும் பண்ண மாட்டேங்குதுன்னு யோசிச்சேனா? யோசிச்சேன். யோசிச்சுக்கிட்டே குடிச்சேன்.

முந்தாநாள் நின்ன நிலையில கால் மரத்துப் போச்சு. கை ஆடி, ஒரு ஆளோட கிருதா காதுக்கு மேல போயிடுச்சு. நல்ல மனுஷன், தொப்பி வச்சுக்கிட்டுப் போயிட்டார். எங்க வீட்டம்மா சுமியாத்திதான் நேத்து என்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்ப நசுக்குதாம். மாத்திரை ரெண்டு. ஒண்ணு வலிக்கு... சாப்பிட்ட பிறகுதான் போடணும், வயித்த அரிக்கும், வேற வலி மருந்தோட சேரவே கூடாது, வெளிக்குக் கருப்பாப் போனா உடனே ஓடி வரணும். இன்னொண்ணு நரம்புக்கு. தூக்கம் தள்ளும், தலை சுத்தும், பழகற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க, கத்தி பிடிக்காதீங்கன்னு அந்த டாக்டரம்மா சொல்லுது.

ஏண்ணே நெளியறீங்க? நான் இன்னும் போடல. போட்டிருந்தா உங்கள இப்படி உட்கார வச்சிருப்பேனா... சரி, என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங். அந்தம்மா கடைசியா கேட்டுச்சு, வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு. இல்லம்மான்னேன். பொய் சொல்லலண்ணே. ஜாமு மருந்தா என்ன? எங்க அம்மா என்னைப் பெத்ததும் குடிச்சது, கல்யாண வீட்ல குடிக்கிறது. அத யாரு மருந்துக் கணக்குல சேர்ப்பாங்க? வாசலுக்கு வந்து மாத்திரையச் சட்டைப் பையில போடறேன், உள்ள சரசரங்குது. காலையில குடிச்ச பொட்டலத்தோட உறை. எருமைக்காரன் சிரிக்கிறான்.

சுமியாத்தி அங்கயே பிடிச்சுக்கிட்டா. சில பொடியில இங்கிலீஷ் மாத்திரையவே இடிச்சுக் கலந்துடறாங்களாம், டிவில காட்டினாங்களாம். வலி மாத்திரை, போதாததுக்கு ஸ்டீராய்டு. அதுல மூஞ்சி வட்டமா வீங்குமாம். டாக்டர் மாத்திரையும் மேல சேர்ந்தா வயிறு ஓட்டையாயிடுமாம். சரி, பொடிய விட்டுடறேன்னா, ரொம்ப நாள் குடிச்சவன் திடீர்னு விட்டாலும் ஆபத்தாம். இது என்ன நியாயம்ணே, குடிச்சாலும் தப்பு, விட்டாலும் தப்பு. திரும்பி உள்ள போறதுக்குள்ள டாக்டர் பார்க்கிற நேரம் முடிஞ்சு கதவச் சாத்திட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் பொட்டலத்தோட போகணும். அதுவரைக்கும் எதத் தின்ன, எத விடன்னு தெரியாம நிக்கிறேன், இடுப்புல இருந்து கால் வரைக்கும் பின்னுது.

மூஞ்சின்னதும் எனக்குத் தார்மின் ஞாபகம் வந்துச்சு. ஆஸ்பத்திரியில படுக்கறதுக்கு முந்தி அவன் மூஞ்சி பௌர்ணமி மாதிரி இருந்தது. தோஃபு நல்லா ஓடுது, ஆளு செழிச்சுட்டான்னு தெருவே சொல்லுச்சு. நானும்தான் சொன்னேன். கண்ணாடியில என்னைப் பாருங்க இப்ப. உட்கார்ந்ததும் நீங்களே கேட்டீங்களே, பூசினாப்ல இருக்கீங்க, தொழில் அமோகமான்னு.

இன்னிக்குக் காலையில இந்தக் கண்ணாடிய மரத்துல மாட்டிட்டு நேரா எதிர்ப்பக்கம் போனேன். யாருக்கோ கதை சொல்லிக்கிட்டிருந்தான், ரத்த வாந்தி கட்டத்துக்கு வந்துட்டான். முடியட்டும்னு நின்னேன். எந்த மாத்திரை, என்ன நிறம், எத்தன வேளைன்னு இத்தன வருஷத்துல எல்லாம் கேட்டிருக்கேன் அவன்கிட்ட, இது ஒண்ணத் தவிர. பையிலேருந்து அந்த உறைய எடுத்து எண்ணெய்ச் சட்டி பக்கத்துல வச்சேன். அதப் பார்த்ததும் அவன் சட்டியில தோஃபுவப் புரட்ட ஆரம்பிச்சுட்டான்.

"தார்மின், வேற மருந்து ஏதாவது சாப்பிடறியான்னு டாக்டர் அன்னிக்கு உன்கிட்டயும் கேட்டிருப்பார். நீயும் இல்லைன்னுதான் சொல்லியிருப்ப. அப்ப உன் சட்டைப் பையிலயும் இந்த எருமைக்காரன் சிரிச்சுக்கிட்டிருந்தானா?"