பனி நாளில் ஒரு ஸ்கூட்டர் திறப்பு

ஜனவரி 7, புதன். வழமைபோல வேலை முடிந்து, லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு வந்தேன். வடக்கில் பனி, தெற்கில் மழை என்று நாடு முழுவதையும் புயல் பிடித்திருந்தது. பஸ் வரவில்லை. எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். இளையவள் தன் கைப்பையைத் தட்டிக் காட்டினாள்; உள்ளே சாவி கிலுங்கியது.

“அவரின்ரை ஸ்கூட்டர் திறப்பு இதுக்கைதான் கிடக்கு, அக்கா. விடிய ஒளிச்சுக் கொண்டு வந்திட்டன்.”

“அடி பாவி! மனுசன் பீட்சா குடுக்கப் போக வேண்டாமே?”

“இந்த ஸ்நோவுக்கையோ? போன கிழமை மழைக்கே சறுக்கி விழுந்தவர்.”

“பீட்சாக் கடைப் பத்ரோன் வேலையால நிப்பாட்டினா?”

“வேற வேலை தேடலாம். வேற மனுசன் தேடேலுமே?”

“உனக்கென்னடி, தேடினாக் கிடைக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். அப்போது இளையவளின் தொலைபேசி அடித்தது.

“சோஃபாவுக்குக் கீழை பாத்தனீங்களே? வடிவாத் தேடுங்கோப்பா,” என்று சொல்லி அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தாள். பிறகு குரல் மாறியது. “என்ன? மற்றத் திறப்போ? அது எங்கை இருந்தது? இஞ்சேருங்கோ, வெளிக்கிடாதேங்கோ! வையாதேங்கோ!”

அவர் வைத்துவிட்டார். அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். பதில் இல்லை.

“ஸ்கூட்டர் ஓடேக்கை எடுக்கமாட்டாரடி,” என்றார் அக்கா மெதுவாக.

பஸ் வந்தது. தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் ஏறினாள்.

மறுநாள் காலையும் பனி விடவில்லை. முதல் வேலையாக, மகனின் ஸ்கூட்டர் திறப்பை ஆணியிலிருந்து எடுத்தேன். பிறகு மற்றத் திறப்பையும் தேடி எடுத்து, இரண்டையும் என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.