எண்ணெய் ஊற்றவிடாத குளம்

கோப்பெங்கிலிருந்து ஈப்போ போகும் மோட்டார் பஸ்ஸில், எனக்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் காலடியில் ஒரு மண்ணெண்ணெய் டின். அதற்குள் தண்ணீரில் நாலு மீன்கள்.

“முதல்ல என் தலையில ஊத்து, அப்புறம் குளத்துல ஊத்துன்னுட்டேன்,” என்றாள் அவள்.

“யார்கிட்டக்கா?”

“கொசுவுக்கு எண்ணெய் ஊத்துறவன்கிட்டதான். லயத்து வீடுங்களுக்குப் பின்னால என் மீன் குளத்துல ஊத்த வந்துட்டான். மீனெல்லாம் செத்துப் போகாதா?”

“குளத்துல கொசுப்புழு இருந்துச்சாமே?”

“இருந்துச்சு, தப்பு என்மேலதான். புண்ணாக்கை அள்ளி அள்ளிப் போட்டேன். மிஞ்சினது அழுகித் தண்ணி நாறிப்போச்சு. வயிறு ரொம்புன மீனு புழுவைத் தேடுமா? இப்பப் பாதித் தண்ணிய மாத்திட்டேன். காலையில ஒரு பிடி தவிடு, அவ்வளவுதான். ஒரு புழு கிடையாது. கிண்ணத்துல மொண்டே காட்டினேன்.”

“நம்பினானா?”

“தொரை உத்தரவாம். நாளைக்கு மறுபடியும் வாரானாம். வரட்டும், நான் குளத்துக்குள்ளதான் நிப்பேன்.”

“பின்ன ஏன்க்கா மீனை எடுத்துக்கிட்டுப் போறீங்க?”

“இதுவா? ஜெலாப்பாங்குல இருக்கிற என் தங்கச்சிக்கு. அவளும் லயத்துக்குப் பின்னால குளம் வெட்டிட்டா.”