இதர வருமானம்

அமெரிக்காவில், பேர்லேண்ட் ஊர்க் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை அர்ச்சனை வரிசை. எனக்குப் பின்னால் ஓர் இளம் தம்பதி. தேங்காய்த் தட்டு அவள் கையில்.

"எங்க கம்பெனி என்ன கோவிலா, உண்டியலை எண்ணி ஊருக்குச் சொல்ல?" என்றான் கணவன். அதைக் கேட்டபிறகு என் காது எங்கே சும்மா இருக்கும்.

"ஹோட்டல் ரூம் டிவியில நீங்க காட்டற அந்த மாதிரி படத்துல என்ன லாபம்னு ஷேர் வாங்கினவங்களே கேக்கறாங்களாம். பேப்பர்ல போட்டிருக்கு."

"நான் எங்க காட்டறேன்? நான் சாஃப்ட்வேர் எழுதறேன்."

"சரி, கம்பெனி வாயைத் திறந்து சொல்லலாமில்ல?"

"ஆனுவல் ரிப்போர்ட்ல 'இதர வருமானம்'னு போட்டிருக்காங்களே. சொன்ன மாதிரிதான்."

"வெள்ளிக்கிழமை எங்கப்பா வர்றார். மாப்பிள்ளை கம்பெனி என்ன விக்குதுன்னுதான் முதல்ல கேப்பார்."

"டிவின்னு சொல்லு."

"டிவியில என்னன்னு கேப்பார்."

"சினிமான்னு சொல்லு."

"என்ன சினிமான்னு கேப்பார். ரிட்டையர்ட் ஆடிட்டர்ங்க அவர்."

அவன் தணிந்த குரலில், "இப்ப வேலையை விட்டா கிரீன் கார்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், தெரியுமில்ல?" என்றான்.

"தெரியும். அதுக்குத்தானே இந்தத் தேங்காய்."

அவர்கள் முறை வந்தது. பெயர், நட்சத்திரம் கேட்டுக்கொண்ட குருக்கள், "என்ன வேண்டுதல்மா?" என்றார்.

"இவர் வேலைக்கு, சாமி."

"பேஷா. உத்யோக அபிவிருத்தின்னு சொல்லிடறேன்."

அவள் தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்தாள்.

"அபிவிருத்தியெல்லாம் வேண்டாம் சாமி. கிரீன் கார்டு வர்ற வரைக்கும் இருந்தா போதும்."