வண்டியை ஓட்டியவர்: ஆதாரம் தேவை

– கதவச் சாத்துங்க முதல்ல.

– சாத்திட்டேன். என்னாச்சு? வேலைய அப்படியே போட்டுட்டு ஓடி வர்றேன். போன்ல "உடனே வாங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சா மனுஷன் என்னன்னு நெனப்பான்? பாப்பாவுக்கு...

– பாப்பா ஸ்கூல்ல நல்லாத்தான் இருக்கா. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடுது. இதுல உக்காருங்க.

– உன் மூஞ்சியே சரியில்லையே. டாக்டர் யாராவது திட்டினாங்களா? லென்ஸ ஒடச்சிட்டியா?

– இருபது வருஷமா மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டுறேன், இன்னிக்குத்தான் ஒடைக்கப் போறேனாக்கும். இது வேற. நம்ம கட்டுரை...

– எந்தக் கட்டுரை?

– எத்தன இருக்கு? இன்டர்நெட் கலைக்களஞ்சியத்துல உங்க பங்க் ராக் பாட்டு பேண்டப் பத்தி இருக்கே, அதுதான். "ஓட்டை ஒடைசல்".

– ஸ்... மெதுவா! வெளிய கேக்கும்.

– வெளிய இருக்கறவங்கல்லாம் சொட்டு மருந்து விட்டுக்கிட்டு கண்ண மூடி உக்காந்திருக்காங்க.

– கண்ணத்தானடி மூடியிருக்காங்க, காத மூடலையே!

– சரி, இருங்க. வெட்டுற மெஷினப் போட்டு விடறேன். இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது.

– ம்... சொல்லு.

– ஒரு புது ஆளு வந்திருக்கு. பதினாறு நாளா அந்த ஒரு கட்டுரையிலதான் வேலை. வேற எதுலயும் கை வைக்கல.

– வந்துட்டுப் போறான். டிரம்மருக்குத் தாளம் நிக்காதுன்னு இன்னொரு வரி சேத்திருக்கானா? இருக்கற அந்த வரியையே எடுத்துடுன்னு உன்ன எத்தன தடவ கெஞ்சியிருப்பேன்.

– அதுக்கு ஆதாரம் இருக்குங்க. அந்தக் காலத்துப் பத்திரிகை விமர்சனம், பக்க எண்ணோட.

– கட்டின புருஷனவிட பக்க எண் பெருசாப் போச்சு உனக்கு.

– விளையாடாதீங்க. கடைசிப் பத்தியில கை வச்சிருக்கு. கேக்குதா?

– கடைசிப் பத்தின்னா... அந்தப் பாலம்...

– ஆமா. "கடைசி நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில், பாடகர் 'தொண்டை' ஓட்டி வந்த வேன் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. அவரது உடல் மறுநாள் கிடைத்தது. உடன் வந்த டிரம்மர் 'இடி'யின் உடல் கிடைக்கவில்லை." இதுல "தொண்டை ஓட்டி வந்த"ங்கற எடத்துல கொக்கி போட்டிருக்கு. "ஆதாரம் தேவை"ன்னு.

– தண்ணி இருக்கா?

– இந்தாங்க.

– ஆதாரம் இருக்குன்னு சொன்னியே. ஏதோ பத்திரிகையில வந்திருக்குன்னு...

– வந்திருக்கு. அந்தப் பத்திரிகைக்காரன் அத எங்கேர்ந்து எடுத்தான் தெரியுமா? நம்ம கட்டுரையிலேர்ந்து. ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின வரி. அப்படியே எடுத்துப் போட்டுக்கிட்டான். அப்புறம் எவனோ ஒரு மகராசன் அந்தப் பத்திரிகையக் கொண்டாந்து அதே வரிக்கு ஆதாரம்னு ஒட்டினான். நானும் பாத்துட்டுப் பேசாம இருந்துட்டேன்.

– அப்ப நீ எழுதினதுக்கு ஆதாரம்...

– நீங்க. நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். அங்க நான் எழுதின மொத வரியே அதுதான். இப்ப இந்த ஆளு எல்லாத்தையும் புட்டுப்புட்டு வச்சிருச்சு. கட்டுரைக்குப் பின்னாடி ஒரு பேச்சுப் பக்கம் இருக்குமே, நாங்கல்லாம் சண்டை போட்டுக்குவோமே, அங்க. நம்ம வரி எந்தத் தேதி, பத்திரிகை எந்தத் தேதி, எல்லாம் அக்குவேறு ஆணிவேறா.

– யாரு அது? பேரு இருக்குமில்ல?

– "கேள்விக்காரர்"னு வச்சிருக்கு.

– தொண்டையோட அண்ணன். வேற யாரு! லாரிப் பட்டறையில இருந்தான். ஒத்தக் கையால டயரத் தூக்கிப் போடுவான். என்னப் பாத்தான்னா அங்கேயே புதைச்சுடுவான். இத்தன நாள் நான் ஆத்தோட போயிட்டேன்னு நம்பிக்கிட்டு இருந்தான்... இப்ப தோண்ட ஆரம்பிச்சுட்டான்டி.

– முழுசாக் கேளுங்க. இன்னும் இருக்கு.

– இன்னுமா?

– போன புதன்கிழமை அந்த ஆளு வரியவே அழிச்சிடுச்சு. நான் சாப்பாட்டு நேரத்துல இந்தக் கம்ப்யூட்டர்ல பாத்தேன். பதறிப்போயி மறுபடியும் போட்டேன். லாகின் பண்ணாமப் போட்டுட்டேன்.

– அதனால என்ன?

– லாகின் பண்ணினா என் புனைபேரு விழும். பண்ணலேன்னா இந்தக் கம்ப்யூட்டரோட எண் விழும். எந்தத் திருத்தத்த யார் செஞ்சாங்கன்னு வரலாற்றுப் பக்கம்னு ஒண்ணுல நிக்கும். யார் வேணா பாக்கலாம். அந்த எண்ணத் தேடினா இந்தக் கண் ஆஸ்பத்திரி பேரு, தெரு, எல்லாம் வந்து நிக்கும்.

– அடிப்பாவி!

– கத்தாதீங்க...

– பதினெட்டு வருஷமா பேர மாத்தி, ஊர மாத்தி, ஒரு போட்டோவுல நேரா நின்னதில்ல. பாப்பாவோட ஆண்டு விழாவுல கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னாடி உக்காந்து பாத்தேன். அவ மேடையிலேர்ந்து என்னத் தேடுறா, நான் குனிஞ்சுக்கறேன். இவ்வளவும் பண்ணிட்டு, நீ ஒரு வாய் சாப்பாட்டுக்கு நடுவுல... நீ எதையாவது மறக்கற ஆளா? கேஸ மூடினோமான்னு மூணு தடவ திரும்பிப் போயிப் பாக்கறவ!

– அன்னிக்கே சாயந்தரம் அந்த ஆளு எழுதியிருக்கு. படிக்கட்டுமா?

– வேணாம். ... படி.

– "அந்த எண் ஒரு கண் மருத்துவமனையுடையது என்று தெரிந்துகொண்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறேன்." அவ்வளவுதான்.

– இன்னிக்கு...

– செவ்வா.

– கெளம்பு. எந்திரி. பாப்பாவ ஸ்கூல்லேர்ந்தே கூட்டிக்கலாம். ரெண்டு பை போதும்.

– எங்க போறது?

– எங்கயாவது! பின்பக்கம் ஒரு வாசல் இருக்குமே, சிலிண்டர் எறக்குவாங்களே...

– பூட்டியிருக்கு. சாவி காவலாளிகிட்ட. முன் வாசல்ல நிக்கறாரு அவரு.

– ஐயோ... வெளிய யாரெல்லாம் இருக்கா? கதவுல இருக்கற கண்ணாடி வழியாப் பாரு. ஆறடி ஆளு எவனாவது...

– நீங்களே பாருங்களேன்.

– நான் மாட்டேன். நீ பாரு.

– மொத வரிசையில நாலு பேரு கண்ணுல கட்டோட. அடுத்த வரிசையில ஒரு பெரியவரு, கூட மருமக. தண்ணிக் குழா பக்கத்துல ஒரு அம்மா. ஆறடி யாரும் இல்ல.

– அந்த அம்மா?

– வயசானவங்க. ஒம்போது மணிலேர்ந்து இருக்காங்க. டோக்கன் வாங்கல. மடியில ஒரு பைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, போறவங்க வர்றவங்க மூஞ்சியெல்லாம் பாக்கறாங்க.

– இடது புருவத்துல... தழும்பு இருக்கா?

– இருக்கு. என்னங்க? என்னங்க! மூச்ச விடுங்க. சுவத்துல சாஞ்சுக்குங்க. அப்படித்தான்.

– தொண்டையோட அம்மா. மைக் ஸ்டாண்டச் சுத்தி வீசறேன்னு அவன் பழகினப்ப பட்டுடுச்சு. மூணு தையல்.

– அண்ணன்காரர் வரல. அது ஒரு நிம்மதிதானே.

– என்ன நிம்மதி? அண்ணன்னா அடிப்பான், வாங்கிக்கலாம். இவங்க... இவங்க வீட்டு மாடியிலதான் நாங்க வாசிப்போம். சத்தம் தாங்காம எதிர் வீட்டுக்காரன் போலீஸக் கூப்பிட்டா, "பசங்க பாத்திரம் வெளக்குதுங்க சார்"னு சொல்லி அனுப்பி வச்சவங்க. மேடைக்கு எனக்கும் சேத்துச் சட்டை தைப்பாங்க. கிழிஞ்ச மாதிரி இருக்கணும்னு சொன்னா, "தைக்கறதா கிழிக்கறதா, ஒண்ணச் சொல்லுங்கடா"ம்பாங்க...

– இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லையே நீங்க.

– எந்த வாயால சொல்றது?

– கேள்விக்காரர் இவங்கதான்னு எனக்கு மொத நாளே தெரியும்.

– என்னது?

– பேச்சுப் பக்கத்துல வந்ததும் எழுதினாங்க. "என் பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்லயே விழுவான். உங்க கட்டுரையப் படிச்சிட்டு, குடிச்சுட்டு ஓட்டி சிநேகிதனக் கொன்னவன்னு அவனப் பேசறாங்க. தயவுசெஞ்சு எடுத்துடுங்க"ன்னு.

– நீ என்ன சொன்ன?

– "உறவினர் நேரில் அறிந்தது ஆதாரமாகாது. அச்சில் வந்த சான்று வேண்டும்." அதுதான் விதி. யார் கேட்டாலும் அதத்தான் எழுதுவோம். அவங்க திருப்பி எழுதினாங்க... "ஓட்டத் தெரிஞ்சா லைசென்ஸ் இருக்கும். தெரியாதுங்கறதுக்கு எந்த ஆபீஸ்லம்மா எழுதிக் குடுப்பாங்க?" அன்னிக்கு ரெண்டு லென்ஸ் தப்பா வெட்டினேன். இருபது வருஷத்துல மொத தடவ. ஆமா, வேன்ல எத்தன பேரு இருந்தீங்க?

– அது எதுக்கு இப்ப?

– சொல்லுங்க.

– ரெண்டு பேரு. மத்தவனுங்க பஸ்ல போயிட்டானுங்க. உனக்குத் தெரியாததா?

– அவருக்கு ஓட்டத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க. எங்க போனாலும் பஸ்ஸுதான் நமக்கு. இருந்தது ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாது. அப்ப வேன் தானாவே போச்சா?

– அவங்கம்மாவுக்குத் தெரியாம அவன் கத்துக்கிட்டான்...

– யாருகிட்ட? பாப்பாவுக்கு மூணு வயசுல மூச்சு இழுத்துக்கிச்சே. நான் எங்கம்மா வீட்டுல இருந்தேன். வாடகைக் கார் கெடைச்சுதுன்னு சொன்னீங்க. பக்கத்து வீட்டு அக்கா வேற மாதிரி சொன்னாங்க. "உன் வீட்டுக்காரரு எங்க காரை எடுத்தாரு பாரு, அந்த இடுக்குச் சந்துல ஒரு கீறல் இல்லாம ரிவர்ஸ்லயே ஓட்டிட்டு வந்தாரு"ன்னு. ஏழு வருஷமாச்சு. ஒரு வார்த்த கேட்டிருப்பேனா?

– ஏன் கேக்கல?

– பயம். கேட்டா நீங்க சொல்லிடுவீங்களேன்னு பயம். இப்ப கேக்கறேன்.

– நான்தான். நான்தான் ஓட்டினேன். ரெண்டு பேருமே குடிக்கல. அவன் பக்கத்துல உக்காந்து பாடிக்கிட்டு வந்தான். புதுப் பாட்டு, அன்னிக்குத்தான் கட்டினது. நான் ஸ்டியரிங்ல தாளம் போட்டேன். ஒரு எடத்துல... ரெண்டு கையையும் எடுத்து, டிரம்ஸ்ல மாதிரி ஒரு உருட்டு உருட்டினேன்டி. அவ்வளவு நேரந்தான். கண்ண மூடித் தொறக்கற நேரம்.

– அப்புறம்?

– தண்ணிக்குள்ள அவன் கையப் பிடிச்சேன். வழுக்கிடுச்சு. கரை ஏறினேன். விளக்கோட ஆளுங்க ஓடி வர்றாங்க. நான்... எதிர்ப்பக்கமா நடந்தேன். அப்படியே நடந்துக்கிட்டே இருந்தேன்.

– ...

– பாப்பாவுக்கு என்ன சொல்றது? போலீஸ் வருமா? ஏதாவது பேசேன். திட்டவாவது திட்டு!

– அழாதீங்க. ... இல்ல, அழுங்க.

– மெஷின நிறுத்து. அந்தம்மா என்ன பண்றாங்க, பாரு.

– எந்திரிச்சுட்டாங்க. ஒவ்வொரு கதவா நம்பரப் படிச்சுக்கிட்டு வர்றாங்க.

– அவங்களுக்கு ஆளத் தெரியாது. நானூறு பேரு வேலை பாக்கற எடம் இது, எழுதினது யாருன்னு எப்படித் தெரியும்? நீ வெளிய போ. எவனோ நோயாளிகூட வந்தவன் எழுதியிருப்பான்னு சொல்லு. நீ தெரியாத்தனமாப் பண்ணினது, உன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், சத்தியமாச் சொல்ல மாட்டேன்... ஏய், தாழ்ப்பாள்ல ஏன் கை வைக்கற? வேணாம்மா. உன் கால்ல வேணா விழறேன். தொறக்காத...

– தெரியாத்தனமா இல்லைங்க. ஒம்போது வருஷத்துல ஒரு நாள்கூட நான் லாகின் பண்ண மறந்ததில்ல. போன புதன்கிழமை அந்த வரிய அழிச்சது அவங்க இல்ல, நான். மறுபடியும் போட்டேன்னு சொன்னது பொய். இந்த எடம் அவங்களுக்குத் தெரியணும்னு வேணும்னேதான் லாகின் இல்லாம அழிச்சேன். அழிச்சா காரணம் எழுதணும், அதுவும் வரலாற்றுல நிக்கும், நீங்க அந்தப் பக்கமெல்லாம் பாக்க மாட்டீங்க. எழுதியிருக்கேன்: "அம்மா, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பதினாலாம் நம்பர் கதவைத் தட்டுங்க. ஓட்டினவர் உயிரோடதான் இருக்கார், நான் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருப்பேன்."